ஓர் இருபத்தோர் இலக்க எண்ணின் கதை

(பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு)

கீழே உள்ள எண்ணைச் சற்றுப் பாருங்கள்.

147573952589676412927

நமது முறைப்படி காற்புள்ளி இட்டால் 14,75,73,95,25,89,67,64,12,927 என்று வரும். ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கி வருவதைக் 'கோடி கோடி' என்று சொல்வோமானால், இந்த எண் 14 லட்சத்து 75 ஆயிரத்து 739 கோடி கோடியை விடச் சற்று அதிகம்.

இந்த எண்ணைப் பற்றிய ஒரு கேள்வி கணித மேதைகளை 259 ஆண்டுகள் காக்க வைத்தது. கேள்வி மிக எளியது. ஆறாம் வகுப்புத் தங்கைகளும் அதைப் புரிந்துகொள்வர். '1-ஐயும் இந்த எண்ணையும் தவிர, இதை மீதியின்றி வகுக்கும் எண் வேறு ஏதேனும் உண்டா?' அதாவது, இது பகா எண்ணா, பகு எண்ணா?

1644-ஆம் ஆண்டில் ஒருவர் 'இது பகா எண்' என்று சொன்னார். 1876-ஆம் ஆண்டில் மற்றொருவர் 'இல்லை, இது பகு எண்' என்று நிறுவினார். ஆனால் இதை வகுக்கும் எண்கள் எவை என்று அவராலும் சொல்ல இயலவில்லை. 1903-ஆம் ஆண்டில் மூன்றாமவர் ஒருவர் அவற்றை எழுதியே காட்டிவிட்டார். சொல்வது வேறு, அறிவது வேறு, காட்டுவது வேறு என்பதை இந்த ஓர் எண்ணின் வரலாறு நமக்குத் தெளிவாக்குகிறது.

சதுரங்கப் பலகையும் மூன்று கட்டங்களும்

இந்த எண் எங்கிருந்து வந்தது? சதுரங்க விளையாட்டைக் கண்டுபிடித்தவர் அரசனிடம் பரிசு கேட்ட கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். முதற்கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4, அடுத்ததில் 8 என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும் என்றார் அவர். அரசன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். ஆனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்டபோது களஞ்சியங்கள் எல்லாம் போதவில்லை.

பெருக்குத் தொடரின் கூடுதலை நாம் இவ்வாண்டு பாடத்தில் படித்திருக்கிறோம். 1 + 2 + 4 + 8 என்று கூட்டிக்கொண்டே போனால், கூடுதல் எப்போதும் அடுத்து வரவேண்டிய எண்ணை விட ஒன்று குறைவாகவே இருக்கும். எனவே 64 கட்டங்களில் உள்ள மணிகளின் எண்ணிக்கை 2⁶⁴ − 1, அதாவது 18446744073709551615. சதுரங்கப் பலகையில் 64 கட்டங்களுக்குப் பதிலாக 67 கட்டங்கள் இருந்தால் மணிகளின் எண்ணிக்கை 2⁶⁷ − 1 ஆகும். அதுவே நமது எண்!

கணிப்பொறிகள் கையாளும் இரும எண் முறையில் எழுதினால் இது இன்னும் அழகாக இருக்கும். அறுபத்தேழு 1-கள் வரிசையாக நிற்கும், அவ்வளவுதான்.

நிறைவெண்களும் ஒரு துறவியும்

2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்த எண்கள் மீது அறிஞர்களுக்கு ஏன் இத்தனை ஆர்வம்? அதற்குக் காரணம் நிறைவெண்கள். 6-ஐ விடச் சிறியவையாய் 6-ஐ வகுக்கும் எண்கள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 வருகிறது. அதுபோலவே 28 = 1 + 2 + 4 + 7 + 14. இத்தகைய எண்களையே நிறைவெண்கள் என்பர். புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' என்னும் தமது நூலில், உலகம் ஆறு நாட்களில் படைக்கப்பட்டதை 6 என்ற எண்ணின் நிறைவோடு இணைத்துப் பேசுகிறார்.

2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண் பகா எண்ணாக இருந்தால், அதற்கு முந்திய அடுக்கால் அதைப் பெருக்கும்போது நிறைவெண் கிடைக்கும் என்று கிரேக்க அறிஞர் யூக்ளிட் நிறுவினார். 3-ஐ 2-ஆல் பெருக்கினால் 6. 7-ஐ 4-ஆல் பெருக்கினால் 28. 31-ஐ 16-ஆல் பெருக்கினால் 496. 127-ஐ 64-ஆல் பெருக்கினால் 8128. ஆகவே எந்தெந்த அடுக்கிற்குப் பகா எண் வரும் என்று தெரிந்தால் நிறைவெண்களும் தெரிந்துவிடும்.

இந்தக் கேள்வியில் மனத்தைச் செலுத்தியவர்களுள் ஒருவர் மாரின் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி. 1588-இல் பிறந்த இவர், பவோலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையில் 1611-இல் சேர்ந்தார். 'மினிம்' என்றால் 'மிகச் சிறியவர்' என்று பொருள். தம்மை மிகச் சிறியவர் என்று அழைத்துக்கொண்ட சபையின் துறவி, மிகப் பெரிய எண்களைப் பற்றிச் சிந்தித்தது ஓர் இனிய முரண் அல்லவா? அறிவியல் இதழ்கள் தோன்றாத அக்காலத்தில் தெகார்த், ஃபெர்மா, கலிலியோ போன்ற அறிஞர்களோடு அவர் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஒருவருடைய கண்டுபிடிப்பை மற்றவருக்குத் தெரிவித்து, பாரீஸ் நகரில் இருந்த தமது மடத்து அறையையே ஓர் அஞ்சல் நிலையம் போல ஆக்கியிருந்தார்.

1644-இல் வெளியிட்ட நூலில் மெர்சென் ஒரு பட்டியலைத் தந்தார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே பகா எண் வரும் என்றும், மற்றவை அனைத்தும் பகு எண்களே என்றும் எழுதினார். ஆனால் வழிமுறை எதையும் காட்டவில்லை. 15 அல்லது 20 இலக்கம் உள்ள ஓர் எண் பகா எண்ணா என்று அறியக் காலம் முழுவதும் போதாது என்று அவரே அந்நூலில் குறிப்பிடுகிறார். அப்படியானால் 21 இலக்கம் உள்ள 2⁶⁷ − 1 பகா எண் என்பதை அவர் எவ்வாறு அறிந்தார்? நிறுவும் வழி அவர் கையில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அவருடைய பெயரின் மதிப்பால் அந்தப் பட்டியல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதுமா?

பட்டியலில் உள்ள அடுக்குகள் அனைத்தும் பகா எண்களே. அதற்குக் காரணம் உண்டு. 6 என்ற பகு எண்ணை அடுக்காக எடுத்துக்கொள்வோம். 2⁶ − 1 = 63. இரும முறையில் அது 111111. இதனை 11, 11, 11 என்று இரண்டிரண்டாகவும் பிரிக்கலாம். 111, 111 என்று மும்மூன்றாகவும் பிரிக்கலாம். எனவே இரும எண் 11 (அதாவது 3), இரும எண் 111 (அதாவது 7) ஆகிய இரண்டுமே 63-ஐ வகுக்கும். இதுபோல அடுக்கு பகு எண்ணாக இருந்தால், 1-களைச் சம அளவுள்ள கூட்டங்களாகப் பிரித்துவிடலாம். விடையும் பகு எண்ணாகவே இருக்கும்.

அப்படியானால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகிவிடுமா? அதுதான் இல்லை. 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. ஆகவே 67 பகா எண் என்பதால் மட்டும் நமது எண்ணைப் பகா எண் என்று முடிவு செய்துவிட முடியாது.

மீதிகளின் சுழற்சி

இவ்வளவு பெரிய எண்ணை எப்படிச் சோதிப்பது? இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 2, 4, 1, 2, 4, 1 என்று வரும். மூன்று மீதிகளுக்கு ஒருமுறை அதே வரிசை இராட்டினம் போலத் திரும்பி வருகிறது. 67-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 67-ஆவது மீதி, சுழற்சியின் முதல் எண்ணாகிய 2. நமது எண் அதைவிட ஒன்று குறைவு. எனவே அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. இருபத்தோர் இலக்கங்களையும் வகுக்காமலேயே, 7 இதன் காரணி அன்று என்று கண்டுகொண்டோம்!

வேறு சில பகா எண்களுக்கும் இந்தச் சுழற்சியைப் பார்ப்போம்.

5-க்கு: 2, 4, 3, 1 (நீளம் 4)
7-க்கு: 2, 4, 1 (நீளம் 3)
11-க்கு: 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6, 1 (நீளம் 10)
23-க்கு: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1 (நீளம் 11)

சுழற்சியின் நீளத்தைக் கவனியுங்கள். அந்தப் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதை நீளம் எப்போதும் மீதியின்றி வகுக்கிறது. 4-ஐ 4 வகுக்கும். 6-ஐ 3 வகுக்கும். 10-ஐ 10 வகுக்கும். 22-ஐ 11 வகுக்கும். இந்த உண்மையை ஃபெர்மா 1640-ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

இனி நமது எண்ணுக்கு வருவோம். 'ப' என்ற பகா எண் அதை வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 67-ஆவது மீதி 1 ஆக இருக்க வேண்டும். 1 என்ற மீதி சுழற்சியின் முடிவில் மட்டுமே வரும். எனவே சுழற்சியின் நீளம் 67-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 67 பகா எண் ஆதலால் நீளம் 1 அல்லது 67. 2-ஐ வகுத்தால் வரும் முதல் மீதியே 1 ஆக இருப்பது இயலாது. எனவே நீளம் 67-ஏ. ஃபெர்மா கண்ட உண்மைப்படி, 'ப'-விலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதை 67 வகுக்கும். நமது எண் ஒற்றைப்படை ஆதலால் 'ப'-வும் ஒற்றைப்படை. 1-ஐக் கழித்தால் இரட்டைப்படை. ஆகவே அதை 134-உம் வகுக்கும்.

இதன் பயன் என்ன? நமது எண்ணுக்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால், அது 134-இன் ஏதேனும் ஒரு மடங்கோடு 1-ஐக் கூட்டியதாகவே இருக்க வேண்டும். மற்ற எண்களை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம். அது மட்டுமன்று, அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்கும் என்று மற்றொரு விதியும் உண்டு. அதனால் மீதமுள்ளவற்றிலும் பாதி கழிந்துவிடும்.

ஃபெர்மா இதே வழியில் 2³⁷ − 1 = 137438953471 என்ற எண்ணைச் சோதித்தார். 37-இன் இரு மடங்கு 74. அதன் மடங்குகளோடு 1-ஐக் கூட்டினால் 75, 149, 223 என்று வரும். 75 பகு எண், 149 வகுக்கவில்லை, 223 வகுத்துவிட்டது! மூன்றாவது அடியிலேயே பன்னிரண்டு இலக்க எண் ஒன்று 223 × 616318177 என்று உடைந்தது.

இரட்டித்து ஒன்று கூட்டினால்

சில அடுக்குகளுக்கு முதல் அடியிலேயே விடை கிடைப்பதுண்டு. 11-ஐ இரட்டித்து 1-ஐக் கூட்டினால் 23. அதுவே 2047-இன் காரணியாகவும் இருப்பதை மேலே கண்டோம். இரட்டித்து 1-ஐக் கூட்டினாலும் பகா எண்ணே கிடைக்கும் பகா எண்களுக்கு 'சோஃபி ஜெர்மேன் பகா எண்கள்' என்று பெயர். அவற்றுள் 4-ஆல் வகுத்தால் 3 மீதி வருபவற்றுக்கு, 3-ஐத் தவிர, இந்தக் குறுக்குவழி தவறாமல் பலிக்கும்.

சோஃபி ஜெர்மேன் 1776-இல் பாரீஸில் பிறந்த பெண்மணி. பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று பெற்றோர் தடுத்த காலத்திலும் இரவில் விழித்திருந்து படித்தவர். பாரீஸில் 1794-இல் தொடங்கப்பட்ட உயர்கல்விக் கூடத்தில் பெண்களுக்கு இடமில்லை. அங்கு நடந்த பாடங்களின் குறிப்புகளைப் பெற்றுப் படித்து, 'லெபிளான்' என்ற ஓர் ஆணின் பெயரில் பேராசிரியர் லாக்ராஞ்சுக்குத் தமது கட்டுரையை அனுப்பினார். பின்னர் அதே பெயரில் ஜெர்மானிய மேதை காஸ் அவர்களோடும் கடிதத் தொடர்பு கொண்டார். எழுதியது ஒரு பெண் என்று 1807-இல் அறிந்தபோது காஸ் அவரை மேலும் உயர்வாகப் பாராட்டினார். எண்ணுக்கு எழுதுபவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. கணக்குச் சரியா என்பது மட்டுமே தெரியும்.

67-ஐ இரட்டித்து 1-ஐக் கூட்டினால் 135. அது 5-ஆல் வகுபடும் பகு எண். எனவே குறுக்குவழி இங்கு அடைபட்டுவிடுகிறது. நமது எண் எளிதில் பிடி கொடுக்கவில்லை.

காரணி தெரியாமலே தீர்ப்பு

1876-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்காஸ் முற்றிலும் புதிய வழியில் சென்றார். காரணிகளைத் தேடாமலேயே, ஓர் எண் பகா எண்ணா பகு எண்ணா என்று தீர்ப்புச் சொல்லும் சோதனை அது. அதன் எளிய வடிவத்தை 1930-இல் அமெரிக்கரான லெமர் தந்தார்.

முறை இதுதான்: 4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். வருவதைச் சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மீண்டும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். அடுக்கை விட இரண்டு குறைவான தடவைகள் இப்படிச் செய்யுங்கள். முடிவில் 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண்.

2⁵ − 1 = 31-க்குச் செய்து பார்ப்போம். அடுக்கு 5, எனவே மூன்று தடவைகள். முதலில் 4 × 4 − 2 = 14. அடுத்து 14 × 14 − 2 = 194; 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்து 8 × 8 − 2 = 62; 31-ஆல் வகுத்தால் மீதி 0. ஆகவே 31 பகா எண். 2047-க்கு ஒன்பது தடவைகள் செய்ய வேண்டும். மீதிகள் முறையே 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 வரவில்லை. எனவே 2047 பகு எண். இந்தக் கணக்கில் 23-உம் 89-உம் எங்கும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

லூக்காஸ் தமது முறையால் இரண்டு செய்திகளை வெளியிட்டார். 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண். அதில் மெர்சென் சொன்னது சரி. ஆனால் 2⁶⁷ − 1 பகு எண். அதில் மெர்சென் சொன்னது தவறு. காரணிகள் எவை? அது தெரியாது. பூட்டிய அறைக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது உறுதியாயிற்று. யார் யார் என்பதுதான் புலப்படவில்லை. அந்தக் கதவு மேலும் 27 ஆண்டுகள் பூட்டியே கிடந்தது.

பேசாமல் நடந்த சொற்பொழிவு

1903 அக்டோபர் 31-ஆம் நாள் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நியூயார்க்கில் நடைபெற்றது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல், பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றிய தமது கட்டுரையை அங்கு அளித்தார். அன்று நடந்ததைக் கணித வரலாற்று நூல்கள் எழுதிய ஈ. டி. பெல் சுவைபடக் கூறியுள்ளார். கோல் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகைக்குச் சென்று, 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1-ஐக் கழித்தாராம். பிறகு பலகையின் வேறொரு பகுதியில் 193707721, 761838257287 ஆகிய இரு எண்களை எழுதி முறைப்படி பெருக்கினாராம். இரண்டு விடைகளும் ஒன்றாகவே இருந்தன. அவையினர் எழுந்து கைதட்ட, அவர் பேசாமலேயே தமது இருக்கைக்குத் திரும்பினாராம். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பெல் பின்னொரு நாள் கேட்டதற்கு, 'மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள்' என்று கோல் விடை அளித்தார் என்பர். ஞாயிறு வழிபாடு முடிந்த பின்னர்தான் என்று நாம் நம்புவோமாக!

கோல் வெறுமனே வகுத்துக்கொண்டே போகவில்லை. இன்னும் நுட்பமான வழிகளால் தேட வேண்டிய இடத்தைச் சுருக்கினார். மேலே கண்ட விதியின்படி மட்டும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 193707721-இலிருந்து 1-ஐக் கழித்து 134-ஆல் வகுத்தால் 1445580 வருகிறது. அதாவது 134-இன் பதினான்கு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து ஐந்நூற்று எண்பதாவது மடங்கில்தான் முதற்காரணி மறைந்திருந்தது. 8-ஐப் பற்றிய விதியால் பாதியைக் கழித்தாலும் 7,22,790 எண்கள் எஞ்சியிருக்கும்.

நாமே சரிபார்ப்போம்

கோல் அவர்களின் விடையை நம்புவதற்கு அவர் பேராசிரியர் என்பது காரணமாக வேண்டியதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். சிறிய கால்குலேட்டரில் இருபத்தோர் இலக்கங்களைக் காட்ட இடமில்லை. எனவே கையால் போடுவதே நல்லது. இரண்டாவது எண்ணை 761, 838, 257, 287 என்று மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துக்கொண்டு நான் செய்து பார்த்தேன்.

193707721 × 287 = 55594115927
193707721 × 257 = 49782884297
193707721 × 838 = 162327070198
193707721 × 761 = 147411575681

இரண்டாவது விடைக்குப் பின் மூன்று பூச்சியங்கள், மூன்றாவதற்குப் பின் ஆறு, நான்காவதற்குப் பின் ஒன்பது சேர்த்துக் கூட்டினால் 147573952589676412927 வந்து நிற்கிறது. ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை!

இவ்வளவு பெருக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒன்பதைத் தள்ளிப் பார்க்கும் பழைய முறையைப் பயன்படுத்தலாம். முதற்காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, மேலும் கூட்டினால் 10, பின்னர் 1. இரண்டாவது காரணியின் கூடுதல் 64, அதுவும் 10, பின்னர் 1. நமது எண்ணின் கூடுதல் 109, அதுவும் 10, பின்னர் 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று, பொருந்துகிறது. ஆனால் இந்தச் சோதனையில் தோற்றால் விடை தவறு என்று உறுதியாகச் சொல்லலாமே தவிர, வென்றதனால் மட்டும் சரி என்று சொல்லிவிட முடியாது. முழுப் பெருக்கலே முழுச் சான்று.

பட்டியல் என்னவாயிற்று?

மெர்சென் தந்த பட்டியலில் மொத்தம் ஐந்து பிழைகள் இருந்தன. 67-உம் 257-உம் பட்டியலில் இருக்கக் கூடாதவை. 61, 89, 107 ஆகியவை விடுபட்டவை. கண் பார்வையை ஏறத்தாழ இழந்திருந்த ஆய்லர் 1772-இல் 2³¹ − 1 பகா எண் என்று நிறுவி, பட்டியலின் ஒரு பகுதியை உறுதி செய்தார். 61-ஐ 1883-இல் கண்டறிந்தவர் இவான் பெர்வூஷின் என்னும் ரஷ்ய நாட்டுக் குரு. 89-ஐ 1911-இலும் 107-ஐ 1914-இலும் கண்டறிந்தவர் அமெரிக்கரான பவர்ஸ். 257 வரை உள்ள எல்லா அடுக்குகளும் சோதித்து முடிக்கப்பட்டது 1947-இல்தான்.

ஆயினும் இந்த எண்களுக்கு இன்றும் 'மெர்சென் எண்கள்' என்றே பெயர். பிழை செய்தவருக்கு ஏன் இந்தச் சிறப்பு? அவர் பட்டியலை மறைத்து வைக்காமல், யாரும் சோதித்துப் பார்க்கும்படி அச்சிட்டார். அந்தப் பட்டியல் இருந்ததனால்தான் பிறகு வந்தவர்களுக்குத் தேடுவதற்கு ஒரு பாதை கிடைத்தது.

இதனால் என்ன பயன்?

வீட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. கோல் அவர்களின் இரு எண்களைப் பெருக்குவது ஒரு பக்கத்துக் கணக்கு. பெருக்கி வந்ததைப் பிரிப்பதோ மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள். போவது எளிது, திரும்புவது கடினம் என்ற இந்த இயல்பை ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் 1977-இல் பயன்படுத்தி, இரகசியச் செய்திகளைக் காக்கும் ஒரு முறையை அமைத்தனர். நமது எண்ணை இன்றைய கணிப்பொறி நொடிப்பொழுதில் பிரித்துவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட தக்க பகா எண்கள் இரண்டைத் தேர்ந்து பெருக்கி வைத்தால், சாதாரணக் கணிப்பொறிகளால் அதைப் பிரிக்க இயலுவதில்லை. இணையத்தில் அனுப்பப்படும் எத்தனையோ செய்திகளுக்கு இந்த முறை காவலாக இருந்து வந்திருக்கிறது.

மெர்சென் தொடங்கிய தேடலும் நிற்கவில்லை. 1996 முதல் பல நாட்டு மக்கள் தங்கள் கணிப்பொறிகளை இதற்காக இணைத்துத் தேடி வருகின்றனர். 2024 அக்டோபரில், 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்த எண் பகா எண் என்று உறுதி செய்யப்பட்டது. அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. பக்கத்திற்கு 3,000 இலக்கங்கள் என்று அச்சிட்டால் 13,600 பக்கங்களுக்கு மேல் வரும். நமது பள்ளி மலர் தாங்காது! அந்த எண்ணையும் உறுதி செய்தது லூக்காஸ், லெமர் இருவரின் அதே சோதனைதான். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து...

தேர்வுத் தாளில் விடை சரியாக இருந்தும் வழிமுறை எழுதாததால் மதிப்பெண் குறையும்போது நாம் வருந்துகிறோம். 2⁶⁷ − 1-ஐ நினைத்துப் பாருங்கள். வழிமுறை இல்லாமல் சொன்னது, சொன்னவர் எவ்வளவு பெரியவராயினும், சோதனைக்கு உரியதே. சோதிப்பது பெரியோரை அவமதிப்பது ஆகாது. மெர்சென் இன்றும் மதிக்கப்படுகிறார்; அவருடைய பட்டியலோ திருத்தப்பட்டுவிட்டது. இரண்டும் ஒருங்கே நிகழ முடியும் என்பதே இந்த எண் எனக்குக் கற்பித்த பாடம்.

தோழியரே, உங்களுக்கு ஒரு சிறு கணக்குத் தந்து முடிக்கிறேன். 2²⁹ − 1 = 536870911. மெர்சென் தமது பட்டியலில் 29-ஐச் சேர்க்கவில்லை. அவர் செய்தது சரியா? 58-இன் மடங்குகளோடு 1-ஐக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஐந்து அடி எடுத்து வைப்பதற்குள் விடை கிடைத்துவிடும். விடையை நான் இங்கே எழுதவில்லை. நான் சொல்லி நீங்கள் நம்புவதை விட, நீங்களே வகுத்துப் பார்ப்பதுதானே முறை?